கௌபாய் துப்பாக்கிப் போட்டியில் புதிய பிரிவு தொடங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், அரிசோனாவில் எங்கள் கிளப்பின் ஆண்டுப் போட்டி முடிந்து பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் பெயர்களை வாசிக்க வாசிக்க, ஆட்கள் எழுந்து போய்ப் பரிசுப் பலகையும் பெல்ட் பக்கிளும் வாங்கி வந்தார்கள். முதலிடம், முதலிடம், இன்னொரு முதலிடம். எனக்குப் பக்கத்தில் ஒரு போட்டியாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். விளையாட்டைப் பற்றி அதிகம் அறியாதவர். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "இங்கே தோற்றவர்கள் யாராவது உண்டா?"

உண்மையில் மிகச் சிலரே இருந்தார்கள். யார் எந்தப் பிரிவு கேட்டாலும் "சரி" என்று சொல்லிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனவர்கள் நாங்கள்தான். அந்தக் குழுவில் நானும் ஒருவன். புதிய பிரிவு தொடங்க நினைக்கும் கிளப்காரர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து கற்றதை எழுதுகிறேன்.

விளையாட்டு புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்கில் ஒவ்வொருவரும் நான்கு துப்பாக்கிகளுடன் வருகிறார்கள்: இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், கைத்துப்பாக்கித் தோட்டா போடும் லீவர் ரைஃபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரிகள். இலக்குகள் எஃகுத் தகடுகள். டைமர் ஒலித்ததும் எழுதிவைத்த வரிசைப்படி சுட வேண்டும். தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 5 விநாடி, வரிசை மாறினால் 10 விநாடி கூடும். மொத்த நேரம் குறைந்தவர் வெற்றியாளர். புனைபெயரும் அந்தக் கால உடையும் கட்டாயம். துப்பாக்கியின் பின்புறச் சுத்தியலைத் தமிழில் 'குதிரை' என்று சொல்வதுண்டு. இந்த விளையாட்டில் இருக்கும் ஒரே குதிரை அதுதான். இந்த ரிவால்வர்களில் ஒவ்வொரு குண்டுக்கும் அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே சுட முடியும். உயிருள்ள குதிரைமேல் ஏறிச் சுடுவது வேறொரு விளையாட்டு.

'எண்ட் ஆஃப் ட்ரெயில்' என்ற முதல் பெரிய போட்டி 1982-இல் தென் கலிஃபோர்னியாவில் நடந்தது. 1987-இல் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' உருவாயிற்று. எல்லோரும் 'சாஸ்' என்றே சொல்கிறார்கள். பிரிவுப் பட்டியல் அன்றிலிருந்து நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

புதிய பிரிவு புதிய ஆட்களைக் கொண்டுவரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே வருகிறவர்கள்தான் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு நகர்கிறார்கள். அதே அடையை இன்னும் ஒரு துண்டாக வெட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதப் போட்டிக்கு 35 பேர் வருகிறார்கள், பட்டியலில் 18 பிரிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு பிரிவுக்கு இரண்டு பேர்கூடத் தேறாது. இதில் பலர் மறப்பது ஒன்று உண்டு: வழக்கப்படி பெரும்பாலான பிரிவுகளை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வைக்கிறோம். ஆகவே ஒரு பிரிவைச் சேர்த்தால் பட்டியலில் இரண்டு வரி கூடும்.

கடந்த பருவத்தின் மதிப்பெண் தாள்களை எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மாதம் மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டார்கள் என்று குறியுங்கள். ஒற்றை ஆள் பிரிவுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பிறகு, வரக்கூடியவர்கள் ஆனால் வராதவர்கள் யார் என்று கேளுங்கள். வெளியே நிற்கும் அவர்களுக்காகத்தான் பிரிவு. உள்ளே இருக்கும் ஒருவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. அந்தக் கோரிக்கையும் "நம் விளையாட்டு வளர வேண்டும்" என்ற முகமூடி போட்டுக்கொண்டுதான் வரும். மூன்று கேள்வி கேட்டால் கழன்றுவிடும்.

பிரிவு எதன்மேல் நிற்கிறது?

இப்போதுள்ள பிரிவுகளை உற்றுப் பார்த்தால் அவை ஐந்து கால்களில் ஒன்றின்மேல் நிற்பது தெரியும்: வயது, சுடும் பாணி, வெடிமருந்து, துப்பாக்கி, உடை.

வயதுப் பிரிவு எளிது. 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 'பக்கரூ'. 36-இல் 'ராங்லர்', 60-இல் 'சீனியர்'. இடையே '49-ஆர்' என்ற பிரிவும் உண்டு. 1849-இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்கு ஓடியவர்களுக்கு வைத்த பெயரை 49 வயதானவர்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பட்டியலிலேயே எனக்குப் பிடித்த பெயர் அது. பிள்ளைகளுக்கானவை தவிர, வயது கூடியவர் இளையோர் பிரிவில் இறங்கலாம், இளையவர் மூத்தோர் பிரிவில் இறங்க முடியாது. பிறந்த தேதி ஒன்று போதும், சண்டை வராது.

பாணிப் பிரிவு சுவையானது. ஒரே கையால், மறு கையின் துணையில்லாமல் சுடுகிறவர் 'டூயலிஸ்ட்'. இரண்டு கையிலும் ரிவால்வரை ஏந்திச் சுடுகிறவர் 'கன்ஃபைட்டர்'. இவற்றைத் தீர்மானிக்க ஆவணம் வேண்டாம், டைமர் பிடித்திருப்பவரின் கண் போதும்.

மருந்துப் பிரிவில் கருமருந்துத் தோட்டா போடுகிறவர்களும், தோட்டாவே இல்லாத கேப்-அண்ட்-பால் ரிவால்வரில் மருந்தையும் ஈயக்குண்டையும் கையால் நிரப்புகிறவர்களும் வருகிறார்கள். உடையும் துப்பாக்கியும் சேர்ந்த பிரிவுகளுக்கு 'கிளாசிக் கௌபாய்' நல்ல எடுத்துக்காட்டு. விட்டம் பெரிய துப்பாக்கி, ஒற்றைக் கைப் பாணி, மேலே தோல் காலுறை, குதிமுள், சங்கிலியோடு கூடிய பைக்கடிகாரம் போன்றவற்றில் சில.

உங்கள் பிரிவு ஒரே காலில் நிற்கட்டும், மிஞ்சினால் இரண்டு. வயதும் பாணியும் மருந்தும் மூன்றும் சேர்ந்தால், அந்த மூன்று சல்லடையிலும் தங்குகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். அநேகமாக அவரேதான் மனு கொடுத்திருப்பார்.

வரையறை: இங்கேதான் காலை எட்டு மணிக்குச் சண்டை வரும்

எங்கள் கிளப் தானாகத் தொடங்கிய பிரிவு ஒன்றைச் சொல்கிறேன். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரும் வின்செஸ்டர் லீவர் ரைஃபிளும் 1873-ஆம் ஆண்டின் மாதிரிகள். களத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இவற்றின் வாரிசுகள்தான் இருக்கும். அதற்கு முந்தைய துப்பாக்கிகளை விரும்புகிறவர்கள் நான்கைந்து பேர் எங்களிடம் இருந்தார்கள். அவர்களுக்காக "1873-க்கு முந்தைய துப்பாக்கிகள் மட்டும்" என்று ஒரே வரியில் விதி எழுதினோம். எழுதியவன் நான். அந்த வரியின் அழகில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் நாள் காலை, தோட்டா நிரப்பும் மேசையில் ஒருவர் தன் 1858 ரெமிங்டன் ரிவால்வரை வைத்தார். "இது 2015-இல் இத்தாலியில் செய்தது. செல்லுமா?" என்று சிரித்தபடி கேட்டார். களத்துக்கு வரும் பழைய பாணி துப்பாக்கிகளில் பெரும்பகுதி வட இத்தாலியில் செய்யப்படும் நகல்கள்தான். என் விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவற்றில் ஒன்றும் செல்லாது. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்தவர் வந்தபோது சிரிப்பு நின்றது. அவரும் ரெமிங்டன்தான், ஆனால் குண்டு அறைகள் உள்ள கேப்-அண்ட்-பால் உருளையைக் கழற்றிவிட்டு உலோகத் தோட்டா ஏற்கும் மாற்று உருளையைப் பொருத்தியிருந்தார். அத்தகைய மாற்றம் அந்தக் காலத்திலேயே உண்டு என்பது அவர் வாதம். அதுவும் பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு அறையிலும் மருந்து கொட்டி, குண்டை அழுத்தி, மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்புக் கேப்பைச் செருகி வந்திருக்கிறார். இவர் பத்துத் தோட்டாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போடுகிறார். இருவருக்கும் ஒரே பிரிவா?

மூன்றாமவரிடம் 1866 வின்செஸ்டரின் நகல் இருந்தது. பித்தளை உடல், பார்க்க அழகு. அதில் அவர் போட்டது .38 ஸ்பெஷல் தோட்டா. அந்தத் தோட்டா பிறந்ததே 1890-களின் கடைசியில். துப்பாக்கியின் மாதிரி தகுதி பெறுகிறது, அதன் வயிற்றில் இருப்பது பெறவில்லை.

போட்டி நாற்பது நிமிடம் தாமதமாயிற்று. அன்று மாலை விதியைத் திரும்ப எழுதினோம். அதிலிருந்து கிடைத்த முறை இது. எந்தத் துப்பாக்கிப் பிரிவுக்கும் நான்கு தனி வரி வேண்டும். மாதிரி: எந்த ஆண்டுக்கு முன் வடிவமைக்கப்பட்டது, நகல் செல்லும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இயங்குமுறை: எப்படி நிரப்பப்படுகிறது, குதிரை வெளியே தெரிகிறதா. தோட்டா: எந்த விட்டம், எந்த மருந்து. கடைசியாக மாற்றங்கள்: குறிமுள், பிடி, உருளை ஆகியவற்றில் எதை மாற்றலாம், எதைக் கூடாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. விளையாட்டை நன்கு அறிந்த, ஆனால் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "இதில் எப்படி ஏமாற்றலாம்?" என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் நான்கு ஓட்டை காட்டுவார். அவரை விரோதியாக நினைக்காதீர்கள், காபி வாங்கிக் கொடுங்கள்.

மேசையில் நிற்கும் அலுவலர் கருவியில்லாமல், அரை நிமிடத்தில் சரிபார்க்க முடியாத எதையும் விதியாக எழுதாதீர்கள். "அந்தக் கால உணர்வோடு" என்று எழுதுவது விதியாகாது. உணர்வை மேசைமேல் வைத்துப் பார்க்க முடியாது.

எடையும் வேகமும்

தோட்டாவின் வலிமையைத் தொடும் பிரிவானால் மட்டும் கருவி தேவை. சாஸ் விதிப்படி பவர் ஃபேக்டர் குறைந்தது 60 இருக்க வேண்டும். குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு எடை அளவில் எடுத்து, விநாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் கிடைப்பது அந்த எண். 100 கிரெய்ன் குண்டு 600 அடி வேகத்தில் போனால் சரியாக 60. உதை மிகக் குறைவு. வேகமாகச் சுடுகிறவர்கள் அந்தக் கோட்டை ஒட்டியே நடப்பார்கள். மேல் எல்லையும் உண்டு: ரிவால்வருக்கு 1000 அடி, ரைஃபிளுக்கு 1400 அடி. எஃகுத் தகட்டின்மேல் சுடுகிற விளையாட்டு இது. குண்டு வெறும் ஈயமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

சாஸ் குடும்பத்திலேயே 1911 மாதிரிப் பிஸ்டலை வைத்து நடத்தும் 'வைல்ட் பன்ச்' போட்டியில் 150 வேண்டும். 200 கிரெய்ன் குண்டு 750 அடி வேகத்தில் போனால்தான் அந்த எண் வரும். இரண்டு கணக்கையும் அருகருகே வைத்தால் தெரியும்: முன்னதில் வேகமான கைக்கும், பின்னதில் உதையைத் தாங்கும் கைக்கும் வாய்ப்பு. ஓர் எண்ணை மாற்றியதில் விளையாட்டின் குணமே மாறிவிடுகிறது. எண்ணை எழுதினால் வேகம் அளக்கும் கருவியையும் அதைப் பிடிக்க ஓர் ஆளையும் தயார் செய்யுங்கள். அளக்க ஆளில்லாத எண்ணால் நேர்மையானவர்களுக்கு மட்டுமே நஷ்டம்.

களத்தில் என்ன மாறும்

விதித்தாளில் நன்றாக இருக்கும் பிரிவு களத்தில் திணறுவதற்குக் காரணம், அந்தப் பிரிவை நினைக்காமல் கட்டங்களை, அதாவது எந்தத் துப்பாக்கியை எந்த வரிசையில் சுடுவது என்ற ஒவ்வொரு சுற்றின் திட்டத்தை, எழுதுவது. "ஒரு ரிவால்வரில் ஐந்து சுடு, பிறகு ரைஃபிள், பிறகு மற்ற ரிவால்வரில் ஐந்து" என்று கட்டம் எழுதினால், இரண்டு கையாலும் சுடுகிற கன்ஃபைட்டரின் பாணிக்கு அங்கே இடமில்லை. ஒரு நாளின் ஆறு கட்டத்தில் நான்கு இப்படி இருந்தால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.

கருமருந்துப் பிரிவு வந்தால் களத்தையே கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டும். முதல் சுற்று சுட்டு முடிந்ததும் எழும் வெண்புகையும் கந்தக வாடையும் தீபாவளிக் காலைத் தெருவை அப்படியே கொண்டுவந்து நிறுத்தும். எனக்கு அந்தப் பிரிவின்மேல் பாசம் வந்ததே அதனால்தான். ஆனால் தவறிய குண்டுகளை எண்ணும் மூவருக்கு அந்தப் புகையில் தகடு தெரியாது. மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் தவறு, சந்தேகம் இருந்தால் பலன் சுடுகிறவருக்கே. புகை அடர்த்தியான நாளில் எல்லாமே சந்தேகம்தான். காற்று வரும் பக்கத்தில் ஒருவராவது நிற்கட்டும். தகட்டில் குண்டு படும் ஓசையைக் கேட்கப் பழகியவர்களை அந்த வேலைக்கு விடுங்கள்.

கேப்-அண்ட்-பால் ஆட்களை அடுத்தடுத்து வரிசையில் போடாதீர்கள். வெடித்த கேப்பின் செப்புத் துணுக்கு உள்ளே விழுந்து உருளை சிக்கிக்கொள்வது இந்தத் துப்பாக்கியில் அன்றாட நிகழ்ச்சி. நிரப்பவும் நேரம் பிடிக்கும். இருவருக்கு நடுவில் நான்கைந்து பேர் இருந்தால் குழு முழுவதும் நிற்காது. கோடையில் காய்ந்த புல் இருக்கும் இடமானால் தண்ணீர் வாளியும் ஈரச் சாக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கனலும் அடைப்புப் பஞ்சு தரையில் விழுந்து புல்லைப் பற்றவைப்பதுண்டு.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் ஒரு பிரிவுக்கும் சலுகை கூடாது. ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான் நிரப்ப வேண்டும், குதிரை காலி அறையின்மேல் இறங்கியிருக்க வேண்டும். குழல் வாய் எப்போதும் இலக்குத் திசையில், 170 பாகை வீச்சுக்குள் இருக்க வேண்டும். நிரப்புவதும் காலி செய்வதும் அதற்கான மேசைகளில் மட்டுமே. புதிய பிரிவுக்கு இவற்றில் ஒன்றைத் தளர்த்த வேண்டியிருந்தால், அந்தப் பிரிவே வேண்டாம். டைமர் பிடிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சனிக்கிழமை காலை காலித் துப்பாக்கியோடு பயிற்சி கொடுங்கள். இரண்டு கையிலும் ரிவால்வர் ஏந்தியவருக்குப் பின்னால் எங்கே நிற்பது, எந்தக் கையை எப்போது பார்ப்பது என்பதை முதல் போட்டியன்று கற்றுக்கொள்ளக் கூடாது.

ஒரு பருவம் துணைப்போட்டியாக

உடனே பிரதானப் பட்டியலில் ஏற்றாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு ஒரே ஒரு கட்டம், தனிப் பதிவு, பரிசு ஏதுமில்லை. இப்படி ஆறு மாதம் நடத்துங்கள். பரிசில்லாமலும் வருகிறவர்கள்தான் அந்தப் பிரிவின் உண்மையான ஆட்கள். வந்தவர்களின் எண்ணிக்கை, அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் மேசையிலும் களத்திலும் ஆன நேரம், எழுந்த தகராறுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் தகராறுப் பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது. பிறகு விதியைத் திருத்த அதுவே உதவியது.

மதிப்பெண், பரிசு

ஒருங்கிணைப்பு விதியைப் பருவம் தொடங்குமுன் எழுதி ஒட்டிவிடுங்கள்: ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதிந்தால், அவர்கள் இன்ன பிரிவில் சேர்த்துக் கணக்கிடப்படுவார்கள். எந்தப் பிரிவில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். போட்டி முடிந்த பிறகு இதைத் தீர்மானித்தால் யாரோ ஒருவரின் கோப்பையைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்ததாகும். மதிப்பெண் ஏற்றும் கணினியில் பிரிவுப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். ஒரே பிரிவு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பிரிவாகி, மூன்று முதலிடம் வந்த கதையும் எங்களிடம் உண்டு.

கிளப்பைத் தாண்டி

உள்ளூர்ப் போட்டியில் சொந்தப் பிரிவு வைத்துக்கொள்வது கிளப்பின் உரிமை. மாநில அளவுக்கும் அதற்கு மேலும் போகும்போது சாஸ் கையேட்டில் உள்ள பிரிவுகளே கணக்கு. அங்கே சேர்க்க வேண்டுமானால், இணைந்த கிளப்புகளின் பிரதிநிதிகளான 'டெரிட்டோரியல் கவர்னர்கள்' வழியாகத்தான் கோரிக்கை போக வேண்டும். உங்கள் பிரதிநிதியிடம் உரையாற்றாதீர்கள், அந்த நோட்டைக் கொடுங்கள். பக்கத்து ஊர்க் கிளப் ஒன்றும் அதே விதியோடு ஒரு பருவம் நடத்திப் பார்த்திருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

மூடுவதற்கும் தேதி வையுங்கள்

ஒவ்வொரு புதிய பிரிவுக்கும் முடிவுத் தேதி போட்டே தொடங்குங்கள். இரண்டு பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் நீடிக்க வேண்டுமானால் குழு மறுபடி வாக்களிக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் யாரும் மூடமாட்டார்கள். அந்தப் பிரிவில் நிற்கும் கடைசி ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் மனம் வராது.

எங்கள் 1873-க்கு முந்தைய பிரிவும் அப்படித்தான் தேய்ந்தது. ஒருவர் வேறு மாநிலம் போனார், ஒருவருக்குக் கண் மங்கியது, மற்றவர்கள் பழைய பிரிவுகளுக்கே திரும்பிவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மட்டும் தன் 1851 கோல்ட் நேவி ரிவால்வர் ஜோடியோடு மாதாமாதம் வந்து, மாதாமாதம் முதலிடம் வாங்கிக்கொண்டிருந்தார். முடிவுத் தேதி வந்தபோது சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. காலி செய்யும் மேசையருகே போய்ச் சொன்னேன். கரி படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார், தலையசைத்தார், வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவர் எழுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பதிந்தார். அதே ரிவால்வர்கள், அதே புகை. ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தார். நான்காம் இடத்துக்கும் அவருக்கும் நடுவே எத்தனை விநாடி என்று மதிப்பெண் மேசைக்கு வந்து இரண்டு முறை கேட்டுப் போனார்.